குதிரையை நகர்த்திக் குருவி பெற்றது

எருதும் மயிலும் பாம்பும் மூஞ்சுறும் ஒன்றையொன்று தின்னாமல் ஒரே வீட்டில் வாழும் குடும்பத்துக்குத் தலைவராய், ஒற்றை மாமரத்தின் கீழ்ப் புன்னகை மாறாமல் வீற்றிருக்கும் கச்சிப் பெருமானே காப்பு. பிராணி வளர்ப்பவன் படும் பாடு அவருக்குத் தெரியும். ஆகையால் இக்கட்டுரையையும் பொறுத்துக்கொள்வார்.

இன்று ஆனி மாதத்து வளர்பிறைப் பஞ்சமி, வியாழக்கிழமை. உண்மை பேச உகந்த நாள் என்பதால் ஒப்புக்கொள்கிறேன்: எவன் மிகக் குறைவான எழுத்துகளில் கடிதம் எழுதுகிறானோ அவனே அறிவாளி என்று என் இருபத்து நான்காம் வயதில் நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. கச்சியின் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ‘இயற்கைப் பிராணி நிலையம்’ என்று பலகை மாட்டிக் கடை வைத்திருந்தேன். அந்நாளில் தினைக்குருவிகளுக்குச் சிவப்பும் பச்சையும் பூசி விற்பார்கள். ஒரு மழைக்கு அவை சாயம் போய்க் கிழடாகிவிடும். என் கடையில் அது கிடையாது. சாயம் பட்டுக்கு மட்டுமே. பறவைக்குத் தினையும் கம்பும் போதும் என்பது என் கொள்கை. தெரு முழுக்கச் சாயத்தை நம்பிப் பிழைத்த ஊரில் சாயத்தை எதிர்த்த ஒரே மனிதன் நான்தான் என்று இன்றும் பெருமைப்படுகிறேன். (வாங்க ஆளே வரவில்லை, அது வேறு விஷயம்.)

அடுத்த அறையில் தறியில் இருந்த அப்பாவுக்கு அந்தக் கொள்கையில் ஈடுபாடு இல்லை.

“டேய் சம்பந்தம், பங்குனி உத்திரம் வரிக்கும் பாக்கறேன். ஒரே ஒரு பெரிய வியாபாரமாச்சும் காட்டு. இல்லனா கூண்டையெல்லாம் எறக்கிட்டு அங்க இன்னொரு தறி போட்ருவேன். அதுல நீ குந்திக்கினு இருக்கலாம்.”

உத்திரத்துக்குப் பத்து நாள் இருக்கையில் அந்தப் பெரிய வியாபாரம் வந்தது. உற்சவத்துக்கு வரும் உறவுக்காரப் பிள்ளைகள் பார்த்து மகிழ, ஜவுளிக்கடைச் செட்டியார் தம் தோட்டத்தில் பெரிய கூண்டு கட்டியிருந்தார். நான்கு கிளி, ஆறு முயல் வேண்டும் என்றார். என் கடையின் ஆயுள் அந்தப் பத்து உயிர்களில் இருந்தது.

இங்கே என் சதுரங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்னேரியில் பள்ளி ஆசிரியராக இருந்த நண்பர் ஏகாம்பரமும் நானும் அஞ்சலட்டையிலேயே ஆடுவோம். ஓர் அட்டைக்கு ஒரு நகர்த்தல். அதற்கு நானே ஒரு சுருக்கெழுத்து வகுத்திருந்தேன். யானைக்கு ‘யா’, காலாளுக்கு ‘கா’, குதிரைக்கு ‘கு’. பின்னால் இரண்டு இலக்கம்: இடமிருந்து எத்தனையாவது கட்டம், கீழிருந்து எத்தனையாவது கட்டம். அவ்வளவுதான். அதில் சொக்கிப்போய், சென்னைப் பறவை வியாபாரி மஸ்தான் பாய்க்கும் அதே பாணியில் ஒரு பட்டியல் அனுப்பி மனப்பாடம் செய்ய வைத்தேன். கிளிக்குக் ‘கி’, முயலுக்கு ‘மு’, குருவிக்குக் ‘கு’. ஒரே எழுத்து இரண்டு பட்டியலிலும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் என் மேதைமை அதைப் பொருட்படுத்தியிருக்காது.

அன்று மாலை இரண்டு அட்டைகளை ஒருசேர எழுதினேன். ஒன்றில் ‘கி 4, மு 6’. மற்றொன்றில் புதிய ஆட்டத்தின் முதல் நகர்த்தல்: ‘கு 63’. பிறகு, உள்ளத்தில் பெருமானை நினைத்தபடி, விலாசங்களை மாற்றி எழுதினேன்.

செட்டியார் வருவதாகச் சொன்ன நாளின் காலையில் பஸ்ஸிலிருந்து ஒரு பெரிய மூங்கில் கூடை இறங்கியது. உள்ளே ஒரே கீச்சொலி. கூடையில் என் அட்டையே கட்டியிருந்தது. கீழே மஸ்தான் பாயின் கையெழுத்து: “தம்பி, நம்பர் பார்த்தேன். உங்க சாமிங்க கணக்காச்சே, ஒண்ணு கூடாம கொறையாம எண்ணி வெச்சிருக்கேன். நீங்க சொன்ன மாதிரி சாயம் போடல.”

அட்டையைத் திருப்பி விலாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே தபாலில் ஏகாம்பரத்தின் அட்டையும் வந்தது. “‘மு’ என்றால் முதலை என்கிறாள் என் மனைவி, முனிவர் என்கிறேன் நான். எதுவாயினும், முதல் அடியிலேயே பத்துக் காய்களை இறக்குபவனோடு என்னால் ஆட இயலாது. தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.” (என் வாழ்நாளில் ஒரே நகர்த்தலில் நான் வென்ற ஆட்டம் அது.)

மாலையில் செட்டியார் கூண்டு ஏற்றிய வண்டியோடு வந்து நின்றார்.

“ஏம்பா, கிளி எங்க?”

“வரலீங்க. குருவிதான் வந்துருக்குது.”

“குருவியா? எத்தினி?”

“அறுபத்து மூணுங்க.”

செட்டியார் மெல்லச் செருப்பைக் கழற்றினார். மறுநாள் காலை அறுபத்து மூவர் வீதி உலா. “கிளி எல்லார் ஊட்லயும் இருக்குது. இத்த குடு. ஆனா ஒண்ணு கொறஞ்சாலும் எனக்கு வாணாம்பா.”

ஒன்று, இரண்டு என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. அடியார்கள் பெயரை வரிசை பிசகாமல் ஒப்பிப்பதில் அந்தத் தெருவில் எனக்கு நிகர் கிடையாது. ஒரு பறவைக்கு ஒரு பெயராகச் சொல்லிச் சொல்லிக் கூண்டில் விட்டேன். செட்டியார் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிப் பெயர் நாவில் வந்து நின்றது. கூடையில் பறவை இல்லை.

“ஏன் நிறுத்திட்ட?” என்றார் கண்ணைத் திறக்காமலே.

அப்போது அடுத்த அறையில் தறியின் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். அப்பாவின் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில், அரக்குப் பட்டிழைகளுக்கு நடுவே கால் சிக்கி, கூடையிலிருந்து நழுவிய அந்த ஒற்றைக் குருவி படபடத்துக்கொண்டிருந்தது. இழுத்தால் கால் ஒடியும். எங்கள் வீட்டில் ஓடுகிற பாவில் கத்தரிக்கோல் பட்டு நான் கண்டதில்லை. அப்பா என்னைப் பார்த்தார். வாசலில் கைகூப்பி நின்றவரைப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்து ஒன்பது இழைகளை வெட்டினார்.

“புடி. பேரச் சொல்லி முடி,” என்று குருவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

சொல்லி முடித்தேன். வண்டி நிறைவாகப் போயிற்று. அன்று விளக்கேற்றிய பின்னும் அப்பா அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். உத்திரத்தன்று அம்மா, “முன்ரூம்ல தறி எப்ப போடப் போறீங்க?” என்று கேட்டாள்.

“அங்க எப்படிப் போடறது? வெளிச்சம் பத்தாது,” என்றார்.

சூரியன் நேராக வந்து விழும் அறை அது. அங்கேயே கடை வளர்ந்தது. பக்கத்து வீட்டையும் வாங்கிச் சேர்த்தோம். ஆனால் அன்று முதல் என் கையால் எழுதிய எந்த அட்டையும் வேறொருவர் விலாசத்தை உரக்கப் படிக்காமல் வாசலைத் தாண்டியதில்லை. முதலில் அப்பா, பிறகு மனைவி. இப்போது என் மருமகள், நான் போனில் ‘நலம்’ என்று தட்டினாலே, “மாமா, மனுசங்களுக்கா குருவிக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்ப விடுகிறாள். வீடு முழுக்கச் சிரிக்கும். முதலில் சிரிப்பவன் நான்.

இதைப் படித்தவர் அனைவருக்கும் கச்சிப் பெருமான் அருளால் கேட்டது கிடைக்கட்டும். கேளாதது வந்து சேர்ந்தாலும் அது கால் ஒடியாமல், எண்ணிக்கை குறையாமல் வந்து சேரட்டும்.