போட்டுக்கும் ஷிப்புக்கும் நடுவே போன வேலை

கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். வேலைதான் வராது.

ஹட்டனில் ஒரு ஹோட்டலில் நேர்முகத் தேர்வு. உல்லாசக் கப்பலில் பரிமாறும் வேலை. அதுவரை நான் கடலையே கண்டதில்லை (கொத்மலை நீர்த்தேக்கத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால்). ஆனாலும் அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லி, மாரியம்மன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனையும் செய்துவிட்டார். இது கிடைக்காவிட்டால் மறுபடியும் டவுன் புடவைக் கடையில் துணி மடிக்க வேண்டியதுதான்.

கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி கண்ணாடி போட்ட, சாதுவான தமிழர். ஆங்கிலத்தில் கேட்டார்: "போட்டுக்கும் ஷிப்புக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்களைக் 'கள்ளத்தோணி' என்று ஏசுவது இந்த நாட்டில் பழைய வழக்கம். டவுன் பள்ளிக்கூடத்தில் நானும் அதைக் கேட்டே வளர்ந்தேன். இவரும் அதைத்தான் நாசூக்காகக் கேட்கிறார் என்று முடிவு கட்டினேன் (முடிவு கட்டுவதில் எனக்கு எப்போதும் அவசரம்).

எழுந்து நின்றேன். "போட் என்பது, நாங்கள் திருட்டுத்தனமாக வந்ததாக நீங்கள் சொல்வது. ஷிப் என்பது, வெள்ளைக்காரன் எங்களை வேலைக்கென்று ஏற்றி வந்தது." அதோடு நிறுத்தினேனா? காடு வெட்டியது, ரோடு போட்டது, அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்த தேநீர் யார் பறித்த கொழுந்து என்பது வரை மூச்சு விடாமல் பேசினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, ஷிப்புல போட்டை ஏத்தலாம். போட்டுல ஷிப்பை ஏத்த ஏலாது. அவ்வளவுதான் பதில். இது எல்லாரிட்டயும் கேக்கிற கேள்வி."

அங்கேயே மன்னிப்புக் கேட்டிருந்தால் வேலை கிடைத்திருக்கலாம். நானோ, "எல்லார்கிட்டயும் கேளுங்க சார். ஆனா எல்லாரையும் கள்ளத்தோணின்னு ஏசலையே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் ரொட்டிப் பொட்டலத்தோடு அப்பா நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"கப்பல்ல வந்தோம்னு சொன்னியா?"

"சொன்னேன்ப்பா."

"அப்ப சரி. ரொட்டியத் தின்னு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "லயத்துல என்ன சொல்றதுன்னுதான் வெளங்கல" என்றார்.

இப்போது ஹட்டனில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். நுவரெலியா ஏரிக்குப் போனால் பிள்ளைகள் ஓடிப்போய் அன்னப் படகில் ஏறிக்கொள்வார்கள். என்னையும் கூப்பிடும் படகுக்காரரிடம் மனைவி சொல்வாள்: "அவரு போட்ல ஏற மாட்டாருங்க. கப்பல் வந்தா சொல்லி விடுங்க."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் இன்றுவரை ஏறவில்லை.