ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்த பெல்ட்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் இளைய மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இந்த நிமிடம் வரை இங்கே எல்லோரும் நலம். நாளைக் காலைக்குப் பிறகு யார் யார் நலமாக இருப்போம் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. அங்கே நீங்களும் அத்தையும் ஒர்க்‌ஷாப்பும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக நீங்கள். எங்களைக் காப்பாற்ற வேறு ஆள் கிடையாது.

கையெழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்பாவின் போன் அவர் தலையணைக்கு அடியில். அம்மாவின் போன் சோப்புத் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. அது ஏன் சோப்புத் தண்ணீருக்குப் போனது என்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

போன தடவை நீங்கள் எங்கள் கார் போனட்டைத் திறந்து, "பெல்ட் வெடிச்சிருக்கு, அதை இறுக்கிப் பிடிக்கிற உருளையும் போச்சு, ரெண்டையும் சேர்த்து மாத்தணும்" என்று சொன்னீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம் மாமா. "மச்சான் எங்க காரை ஓட்டுறாரு, கார்தான் மச்சானை ஓட்டிக்கிட்டுத் திரியுது" என்று வேறு சொன்னீர்கள். அதற்கு அம்மா சிரித்தார். வினையே அந்தச் சிரிப்புதான். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இனிமே அவன் என் கார்ல கை வைக்கக் கூடாது, நானே மாத்துறேன்" என்று சொல்லி, போனில் வீடியோ பார்க்க உட்கார்ந்துவிட்டார். முதலில் கீச்சுச் சத்தம் நிற்பதற்காகப் பழைய பெல்ட்டுக்குச் சமையல் எண்ணெய் தடவினார். கார் அப்பளம் பொரிக்கிற வாசனையோடு முன்னைவிடப் பெரிதாகக் கீச்சிட்டது. எண்ணெய் போவதற்காக பெல்ட்டைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார் (என் பிரஷ்!). உங்களுக்கு அனுப்ப அம்மா அதைப் படம் எடுக்கக் குனிந்தபோதுதான் போன் உள்ளே போனது. பிறகு பெல்ட்டைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். எதிர்வீட்டு டீச்சர் பாம்பு என்று அலறி, தெருவே கூடிவிட்டது. காய்ந்ததும் பார்த்தால் வெடிப்பெல்லாம் பல்லிளித்தது. அப்புறம்தான் புது பெல்ட்டும் புது உருளையும் வாங்கி வந்தார்.

இன்று சாயங்காலம் மாட்டினார். டார்ச் பிடித்தது நான். புது பெல்ட்டின் உள்பக்கம் வரிவரியாக இருக்கிறது, அது சுற்றி ஓடுகிற இன்ஜின் சக்கரங்களில் அதற்கேற்ற பள்ளங்கள் இருக்கின்றன, வரி பள்ளத்தில் உட்கார வேண்டும், இவ்வளவுதானே மாமா? கீழே இருக்கிற பெரிய சக்கரத்தில் பெல்ட் ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஓர வரி வெளியே அந்தரத்தில் தொங்குகிறது. நான் கண்ணால் பார்த்தேன்.

"அப்பா, ஒரு வரி வெளிய நிக்குதுப்பா."

"டார்ச்சை நேரா புடி."

"நேராத்தான்பா புடிச்சிருக்கேன், அதான் தெரியுது."

"பெல்ட் சுத்துதா?"

"சுத்துது."

"அப்புறம் என்ன? போய்ப் படி."

இதுகூடப் பரவாயில்லை. புது உருளையை அவர் மாட்டவே இல்லை. கேட்டால், "புதுசை எதுக்கு வீணாக்கணும், அது ஸ்பேரா இருக்கட்டும்" என்கிறார். எங்கள் வீட்டில் புதுத் துண்டு விருந்தாளிக்கு, புதுத் தட்டு அலமாரிக்கு என்பது உங்களுக்கே தெரியும். உருளையும் இப்போது கண்ணாடி அலமாரியில், அப்பா ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காரில் இருக்கிற பழைய உருளையை நான் விரலால் சுற்றிப் பார்த்தேன். மண்ணை மெல்லுகிற மாதிரி கரகரவென்றது.

நாளைக் காலை அந்தக் காரில்தான் அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்க்க மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அத்தான் கப்பலில் இருக்கிறார். அந்த வளைவுகளில் பெல்ட் கழன்றால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், இன்ஜின் கொதிக்கும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். அம்மாவிடம் அழுதேன். "அப்பா மனசு கஷ்டப்படும், வாயை மூடு. நான் அவ பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்ல" என்கிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் பெல்ட் கழலாதா?

பேப்பர் போடும் அண்ணன் உங்கள் ஒர்க்‌ஷாப் வழியாகத்தான் போவார். கேட்டில் காத்திருந்து அவரிடம் இதைக் கொடுப்பேன். நீங்கள் எதேச்சையாக வந்த மாதிரி வந்து, எதேச்சையாக போனட்டைத் திறந்து, எதேச்சையாக எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். தயவுசெய்து சிரிக்கக் கூடாது.

மாமா, வெளியே ஏதோ சத்தம். இரும்பு விழுகிற மாதிரி. டார்ச்சை எடுக்கப் போனேன், வைத்த இடத்தில் இல்லை. அலமாரியில் உருளையும் இல்லை. வாசல் தாழ்ப்பாள் திறந்து கிடக்கிறது! திரும்ப ஓடிவந்து உள்ளே பூட்டிக்கொண்டேன். திருடன்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் காரையே எடுத்துப் போய்விட்டால் நல்லதுதானே? அக்கா பிழைத்துக்கொள்வாள். ஐயோ, அவன் மலைப்பக்கம் போய்விட்டால்? பாவம், அவனுக்கும் அக்கா தங்கை இருப்பார்கள். ஒரு பள்ளம் தள்ளியிருப்பது அவனுக்குத் தெரியாதே.

அத்தைக்கு என் வணக்கம். உயிரோடிருந்தால் பரீட்சை முடிந்ததும் வருகிறேன்.

இப்படிக்கு,
பயந்து போயிருக்கும்
உங்கள் சின்ன மருமகள்

பி.கு.: வாளிமேல் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீல ரப்பர் செருப்பு, ஒன்றில் மட்டும் பச்சை வார். அது உங்கள் செருப்பு மாமா. பக்கத்தில் அப்பா குந்தி உட்கார்ந்து, "மாப்ள, நம்ம வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம், அதுவும் சின்னவளுக்குத் தெரியவே கூடாது" என்கிறார். நீங்கள், "அதெல்லாம் இருக்கட்டும் மச்சான், டார்ச்சை நேரா புடிங்க" என்கிறீர்கள். ஆகையால் மேலே எழுதியது எதையும் நீங்கள் படிக்கவில்லை, நானும் எதையும் பார்க்கவில்லை. இதைக் கிழித்துப்போடப் போகிறேன்.

மறுபடியும் பி.கு.: கிழிக்க நேரமில்லை. அக்கா கதவைத் தட்டுகிறாள். "யாருடி உள்ள? சீக்கிரம் வெளிய வா, வலி வந்துடுச்சு" என்கிறாள். கழற்றிய எங்கள் கார் பெல்ட் அப்பா கழுத்தில் மாலையாகக் கிடக்கிறது, கார் இப்போது கிளம்பாது. உங்கள் வேன் தெருமுனையில் விளக்கை அணைத்துக்கொண்டு நிற்பதும் தெரிகிறது. ரகசியம் போதும் மாமா. இப்போது ஜன்னல் வழியாகக் கத்தப் போகிறேன். தலையைத் தூக்காதீர்கள், மேலே இன்ஜின் இருக்கிறது.