கதவு போட்டுவிட்ட களிம்பு

அன்பும் மரியாதையும் நிறைந்த மூத்த சகோதரி அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் முதுகைத் தவிர மற்ற யாவரும் நலம். அங்கே அத்தானின் முழங்கால், தங்களுடைய ரத்த அழுத்தம், வீட்டுப் பூனை ஆகியோர் சுகம்தானே? மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது? கடைசிக் கேள்வியை மரியாதைக்காகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பெட்டியோடு வருகிறேன். இனி அங்கேதான். ஏன் எதற்கு என்று போனில் கேட்டுக் குடைய வேண்டாம், எல்லாவற்றையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

என் முதுகில், இடது தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, ஓர் இடம் இருக்கிறது. மேலிருந்து கையை விட்டாலும் எட்டாது, கீழிருந்து வளைத்தாலும் எட்டாது. அது அரிக்கும். இத்தனை வருடமும் அந்த இடத்தைக் கவனித்துக்கொண்டவள் உன் தம்பி பெண்டாட்டிதான். நான் "ம்" என்றால் போதும், போகிற போக்கில் நகத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போவாள். இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. பேசாதவளிடம் போய் முதுகைக் காட்டி நிற்க எனக்கும் மானம் ரோஷம் இருக்கிறதல்லவா?

சண்டை என்ன என்று கேட்பாய். சண்டையே இல்லை அக்கா, அதுதான் கொடுமை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தேன். இவள் வந்து, "என்னங்க, காதுக்குக் கீழ இந்த மச்சம் பெருசாயிருக்கா? கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டிருக்கிறாள். எனக்கோ அரைத்தூக்கம். பஸ் ஸ்டாண்டில் மைக்கைப் பிடித்தே காலம் தள்ளி ரிடையர் ஆனவன் நான். தூக்கத்தில் யார் எதைக் கேட்டாலும் வாய் தன்பாட்டுக்குப் பேசிவிடும். "பயணிகள் தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சொல்லிவிட்டேன். "சரி, காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள்தான். சாப்பாடு வருகிறது, வெந்நீர் வருகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. தூக்கத்தில் உளறியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா, நீயே சொல்.

இந்த நேரத்தில்தான் நீ போனில், "அந்தத் தோல் டாக்டரம்மாகிட்ட போடா, கைராசிக்காரி, தொட்டாலே அரிப்பு ஓடிப்போயிடும்" என்று ஆசை காட்டினாய். நானும் நம்பி, குளித்து, பவுடர் போட்டு, புது பனியன் மாட்டிக்கொண்டு போனேன். போனால் என்ன ஒரு கூடம்! வெயிலில் இருந்து உள்ளே நுழைந்ததும் தண்ணீருக்குள் இறங்கியது மாதிரி குளிர்ச்சி, நீல வெளிச்சம், ஒரு மூலையில் மீன்தொட்டி. சுவரில் தோலை நறுக்கிக் காட்டும் படம் ஒன்று. மேலே முடியெல்லாம் மரம் மரமாக நிற்க, கீழே அடுக்கடுக்காக மண் மாதிரி. டோக்கன் நம்பரை ஒரு பதிவு செய்த குரல் சொல்லிக்கொண்டிருந்தது, "எண்" என்பதை "என்" என்று. அந்தக் கண்றாவியைக் கேட்கச் சகிக்காமல் கண்ணை மூடினேன்.

மூடினதுதான் தெரியும். என் முதுகின் மேலேயே நான் நடந்து போய்க்கொண்டிருக்கிறேன் அக்கா. சிரிக்காதே. பெரிய வெட்டவெளி, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் என் முதுகு. அங்கங்கே ஒற்றை மரமாக முடி. பவுடர் வாசனையோடு மெல்லக் காற்று அடிக்கிறது. அரிக்கிற இடத்தைத் தேடிப் போறேன், போறேன், தூரத்துல ஒரு பஸ் ஸ்டாப் தெரியுது. அங்க இவ ஒரு துணிப்பையை மடியில வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. தலையில கொஞ்சம் பவுடர் உதிர்ந்து கிடக்கு. எந்த வண்டிக்குக் காத்திருக்கான்னு தெரியல. நான் கையில மைக்கை எடுத்து ஏதோ அறிவிக்கப் பார்க்கிறேன், குரலே வரல. அவளும் நிமிர்ந்து பார்க்கல. அதற்குள் வரவேற்பில் இருக்கிற பெண் வந்து, "சார், உங்க நம்பர் போயே போச்சு, எழுந்திருங்க" என்று தோளைத் தட்டினாள்.

உள்ளே போனேன். நான் என்ன எதிர்பார்த்தேன்? பூதக்கண்ணாடி, விளக்கு, குறைந்தபட்சம் ஒரு "அடடா". டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொல்லி, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே எட்டிப் பார்த்து, பேனாவால் ஒரு வட்டம் போட்டு, "தோல்ல ஒண்ணுமில்ல சார், நரம்பு. வயசானா சில பேருக்கு இப்படித்தான்" என்றார். தொட்டது பேனாதான், கை இல்லை. இதற்கா புது பனியன்? "வியாதிக்குப் பேருன்னு ஒண்ணு இருக்குமேம்மா?" என்று கெஞ்சினேன். நீளமாக ஒரு பெயர் சொன்னார். மனசு கொஞ்சம் ஆறியது, படி இறங்குவதற்குள் அந்தப் பெயரும் மறந்துபோயிற்று. ஒரு களிம்பு எழுதிக்கொடுத்து, "காலையிலயும் சாயங்காலமும் வீட்டுல போட்டு விடச் சொல்லுங்க" என்றார். வாசலில் ஒரு பெட்டியில் சிரித்த முகம், சும்மா முகம், அழுத முகம் என்று பொத்தான்கள் இருந்தன. சேவை எப்படி என்று அமுக்க வேண்டுமாம். அழுத முகத்தை முழங்கையால் அமுக்கினேன். "நன்றி, மீண்டும் வருக" என்றது, அதே குரல்.

வீட்டில் போட்டுவிடச் சொல்லுங்கள் என்றால் யாரிடம் சொல்வது? முதலில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை அளவுகோலில் கட்டிப் பார்த்தேன். களிம்பு பிடரிக்குப் போனது. பிறகு ஒரு யோசனை. கூடத்துக் கதவு நிலையில் என் முதுகு உயரத்துக்குக் களிம்பைத் தடவி, திரும்பி நின்று தேய்த்தேன். சுகம் அக்கா, சுகம்! குளுகுளுவென்று புதினா மிட்டாய் வாசனை வீடு முழுக்க. ஆனால் உன் தம்பி பெண்டாட்டி டிவி பார்க்கிறபோது சாய்ந்து நிற்பதும் அதே நிலையில்தான். புடவையை மோந்து பார்த்தாள், கதவை மோந்து பார்த்தாள், என்னை மட்டும் பார்க்கவில்லை. ஈரத்துணி எடுத்து வந்து துடைத்தாள். மறுபடி நான் தடவினேன். மறுபடி அவள் துடைத்தாள். நிலையில் இருந்த பெயிண்ட் போனதுதான் மிச்சம்.

அரிப்பு போகவில்லை என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனேன்.

"ஒழுங்கா போட்டீங்களா?"

"போட்டேன்."

"யாரு போட்டு விட்டாங்க?"

"கதவு."

பேனாவைக் கீழே வைத்தார். அன்றைக்குத்தான் என் முகத்தையே பார்த்தார் என்று நினைக்கிறேன். வீட்டில் யாருமில்லையா என்றார். இருக்கிறாள், பேச்சுவார்த்தை இல்லை என்றேன். ஏன் என்றார். மச்சத்தில் ஆரம்பித்து மைக் வரைக்கும் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மச்சத்தை நீங்க பார்த்தீங்களா?" என்றார். "நான் என்ன டாக்டரா?" என்றேன். "பெருசாகுதுன்னு அவங்களே சொல்றாங்கன்னா விடக்கூடாது சார். சீக்கிரம் கூட்டிட்டு வாங்க" என்றார். பார் நியாயத்தை! முதுகுக்குப் போனவனிடம் அடுத்தவர் மச்சத்தைப் பற்றி விசாரணை. பொத்தான் பெட்டி முன்னால் நின்றேன், எதை அமுக்குவது என்றே தெரியவில்லை. அமுக்காமலே வந்துவிட்டேன்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா. அவ குறுக்க நெடுக்க நடக்கிறப்பல்லாம் என் கண்ணு காதுக்குக் கீழதான் போகுது. முடி மறைக்குது. பயமா இருக்கு. சொல்லியாகணுமேன்னு சமையலறை வாசல்ல போய் நின்னேன். வாயைத் திறந்தா என்ன வந்துச்சு தெரியுமா? "தோல் மருத்துவமனை செல்ல வேண்டியவர்கள் உடனடியாகத் தயாராகவும்." கணீர்னு. அவ சமையலறைக் கதவை என் மூஞ்சியிலேயே சாத்திட்டா. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? பெட்டி கட்டிவிட்டேன். நீயாவது வந்து அவளை டாக்டரிடம் கூட்டிப் போ. நான் மாடியில் என் அரிப்போடு கிடக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பூனைக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் என்றும் சிரிப்பும் சீரான ரத்த அழுத்தமும் நிலவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அரிப்புடன்,
உன் அருமைத் தம்பி

பின்குறிப்பு: மாடி அறையை ஒழிக்க வேண்டாம். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன், உறையில் தபால்தலை ஒட்டியாகிவிட்டது, அதனால் அனுப்புகிறேன். மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு, அரிப்புத் தாங்காமல் சட்டையைக் கழற்றிப்போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முதுகில் ஜில்லென்று ஒரு விரல். டாக்டரம்மா வட்டம் போட்ட இடத்தில் இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே, சரியான இடத்தில். அசைந்தால் எடுத்துவிடுவாளோ என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். "இனிமே என்னால கதவைத் துடைக்க முடியாது" என்றாள். திரும்பி, அவளை வெளிச்சத்துக்கு இழுத்து, கண்ணாடியை மாட்டி, முடியை ஒதுக்கிப் பார்த்தேன். "பெருசாயிருக்கா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை அக்கா. முன்னால் எவ்வளவு இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லையே. அதையேதான் அவளிடமும் சொன்னேன். அவள் முடியை மறுபடி மூடிக்கொள்ளவில்லை. "காலையில முதல் வேலையா டாக்டரம்மாகிட்ட போறோம்" என்றேன். "அங்க ரொம்ப நேரம் காத்திருக்கணுமாமே" என்றாள். "காத்திருப்போம், நானும் உன் பக்கத்துலயே இருக்கேன்" என்றேன். மைக் குரலில் இல்லை அக்கா, என் குரலில்.