மாமா வேட்டி போட்டு மூடுன மீன் தொட்டி

போன மாசம் ஒரு புதன்கெழமை. எனக்கு அன்னைக்கு ஒரே ஒரு வேலை. ராஜபாளையத்துலேர்ந்து பஸ்ஸேறி ஸ்ரீவில்லிபுத்தூர் போயி, மீன் தொட்டி சிலிண்டர்ல கேஸ் நெரப்பிட்டு வரணும். அம்புட்டுத்தான்.

அந்த வேலை முடிஞ்ச மூணாம் நாளு எங்க வீட்டு வாசல்ல முப்பது பிளாஸ்டிக் சேர் கெடந்துச்சு.

இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன்.

எங்க வீட்டு ஹால்ல அஞ்சடி நீளத்துல ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கு. மீன விட எனக்குச் செடிதான் கிறுக்கு. தண்ணிக்குள்ள வளருற செடி. அதுக்கு லைட்டு வேணும், உரம் வேணும், கார்பன் டை ஆக்சைடு வேணும். கேஸுக்குன்னு தொட்டி பக்கத்துல ஒரு சிலிண்டர் நிக்கும். அதுலேர்ந்து ஒரு டியூப், டியூப் முனையில பொடிப் பொடியா குமிழி. பாக்க அம்சமா இருக்கும். எங்க மாமனார் மட்டும் வாரவுக போறவுக எல்லார்ட்டயும், "மருமக சோடா கம்பெனி வச்சிருக்கா"ன்னு சொல்லுவாக.

ஒரு மாசமா அந்தத் தொட்டி பூரா பாசி. செடி மேல பாசி, கல்லு மேல பாசி, கண்ணாடியில பாசி. உள்ள மீனு இருக்கா இல்லையான்னே தெரியல. தீனி போட்டா தீனி காணாமப் போகும். அத வச்சு உசுரோட இருக்குன்னு நம்பிக்கிட்டேன்.

மாமா கெடு வச்சிட்டாக.

"செல்வி, ஞாயித்துக்கெழமை காலையில பாப்பேன். தண்ணி தெளிஞ்சிருந்தா தொட்டி இருக்கட்டும். இல்லேன்னா தூக்கி வெளிய வச்சிட்டு அந்த எடத்துல என் சாய்வு நாற்காலியப் போட்டுருவேன். அங்கதான் ஃபேன் காத்து நல்லா வருது."

முப்பது வருசம் மில்லுல சூப்பர்வைசரா இருந்தவுக. சொன்னா செய்வாக. என் வீட்டுக்காரர்ட்ட போயி நின்னா, "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டு ஆலங்குளத்துக்கு வேலைக்குப் போயிட்டாரு. எனக்கு வயித்தெரிச்சல். நாலு வருசமா பாத்துப் பாத்து வளத்த தொட்டி.

அதான் புதன்கெழமை காலி சிலிண்டரப் பைக்குள்ள மறச்சு வச்சுக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸேறுனேன். அங்க ஒரு பாய் மீன் கடை வச்சிருக்காரு. போன்ல தொட்டிப் படத்தக் காட்டுனேன். படத்தப் பெருசாக்கிப் பாத்தாரு.

"லைட்டு எம்புட்டு நேரம்மா எரியுது?"

"காலையில எந்திரிச்சதும் போடுவேன் பாய். படுக்கப் போகையில அணைப்பேன்."

"கேஸு?"

"சிலிண்டர் காலியாகப் போகுதுல்ல, ஒரு மாசமா நின்னு நின்னு வந்துச்சு."

"லைட்ட அள்ளிக் குடுத்து கேஸக் கிள்ளிக் குடுத்தா செடி எப்படி வளரும்? செடி சாப்பிடாம விட்டதெல்லாம் பாசி சாப்பிட்டுருக்கு. நீ செடி வளக்கல தங்கச்சி. பாசி வளத்திருக்க. நல்லாவே வளத்திருக்க."

கேஸ நெரப்பிக் குடுத்துட்டு வைத்தியம் சொன்னாரு. மூணு நாள் தொட்டிய முழு இருட்டாக்கணும். ஊசி மொனை வெளிச்சம் உள்ள போகக் கூடாது. அந்த மூணு நாளும் கேஸையும் அடைச்சிரணும், இருட்டுல செடி அத எடுத்துக்காது, மீனுக்கு மூச்சு முட்டிரும். காத்து மோட்டார் மட்டும் ஓடணும். பொறவு லைட்டு ஆறு மணி நேரந்தான், அதுக்கு ஒரு டைமர்.

"நடுவுல ஆசைக்கு ஒருதடவ தெறந்து பாத்த, அம்புட்டும் வீண்"னு பாய் ரெண்டு தடவ சொன்னாரு.

திரும்பி வரையில கண்டக்டர் சிலிண்டரப் பாத்துட்டாரு. ஏத்த மாட்டேன்னுட்டாரு. ஆட்டோ புடிச்சு, சிலிண்டர மடியில வச்சுக்கிட்டு எங்க தெருவுக்குள்ள வந்து எறங்குனேன். எதுத்த வீட்டு கஸ்தூரி அக்கா வாசத் தெளிச்சுக்கிட்டு இருந்தாக. சிலிண்டரப் பாத்தாக. எங்க வீட்டப் பாத்தாக.

"மாமாவுக்கு எப்படியிருக்கு செல்வி?"

போன வாரந்தான் மாமாவ சளி முத்திப்போயி ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்து கூட்டியாந்தோம். எனக்குக் கை வலி உசுரு போகுது. "இருக்காகக்கா"ன்னு இழுத்துச் சொல்லிட்டு உள்ள ஓடிட்டேன்.

வியாழக்கெழமை காலையில ஆறு மணி. பாசி புடிச்ச கல்ல எல்லாம் வெளிய எடுத்தேன், கேஸ அடைச்சேன், மோட்டாரப் போட்டேன், தொட்டியச் சுத்தி கருப்புப் பிளாஸ்டிக் தாள ரெண்டு மடிப்பா ஒட்டுனேன். ஜன்னல் தெரையையும் இழுத்து விட்டேன். மாமா எந்திரிச்சு வந்து அப்படியே நின்னுட்டாக.

"என்னத்தா இது? வாசக் கதவத் தெறந்தா மொத்தமும் கருப்பா நிக்குது. நாளைக்கு வெள்ளிக்கெழமை வேற. வீட்டுக்கு ஆகாது, எடு அத."

"எடுத்தா பாசி சாகாது மாமா. நீங்கதான கெடு வச்சீக?"

மாமா யோசிச்சாக. உள்ள போனாக. சொட்டு நீலம் போட்டுத் தொவச்சு மடிச்சு வச்சிருந்த அவுக வேட்டிய எடுத்தாந்து, தன் கையாலேயே தொட்டிய தலையிலேர்ந்து கால் வரைக்கும் மூடுனாக. சுருக்கம் இல்லாம நாலு மூலையையும் இழுத்து விட்டாக.

"இப்பப் பாரு, எம்புட்டு லட்சணமா இருக்கு."

எனக்கும் லட்சணமாத்தான் பட்டுச்சு. சத்தியமா வேற ஒண்ணும் தோணல.

சனிக்கெழமை காலையில வீட்டுக்காரர் வேலைக்குப் போயிட்டாரு. மாமா மடவார் வளாகம் கோயிலுக்குப் போயி சாமி கும்பிட்டு வாரேன்னு கெளம்பிட்டாக. போன சார்ஜ்லயே விட்டுட்டுப் போயிட்டாக. நான் பின்வாசல்ல உக்காந்து அந்தக் கல்ல எல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். நெடி தாங்கல. கண்ணு ரெண்டும் செவந்து, மூக்கு ஒழுகி, தலை அவுந்து கெடக்கு.

அந்த நேரம் பாத்து கஸ்தூரி அக்கா முருங்கக்கீரை கேட்டு வந்துருக்காக. வாசல்லேர்ந்து எட்டிப் பாத்துருக்காக. ஹாலு இருட்டா இருக்கு. அஞ்சடி நீளத்துல ஒரு பெட்டி. மேல மாமா வேட்டி. பெட்டிக்குள்ளேர்ந்து மோட்டார் ஃப்ரீசர் பெட்டி கணக்கா இரையுது. தலமாட்டுல சிலிண்டர்.

என்னையக் கூப்பிடவே இல்ல. வாயப் பொத்திக்கிட்டுப் போயிட்டாக.

கல்லக் கழுவிட்டு நான் ஹாலுக்குள்ள வாரேன், பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க தரையில உக்காந்திருக்காக. தொட்டி மேல சம்பங்கி மாலை. ஊதுபத்தி புகையுது. தொட்டிக்குத் தெக்குப் பக்கமா ஒரு குத்துவெளக்கு எரியுது.

மத்தது எதுவும் என் கண்ணுல படல. வெளக்குதான் பட்டுச்சு. ஊசி மொனை வெளிச்சம் ஆகாதுன்னு பாய் சொல்லியிருக்காரு, இங்க ஒரு சாண் தூரத்துல திரி எரியுது. ஓடிப்போயி ஊதி அணைச்சிட்டேன்.

அம்புட்டுப் பேரும் நெஞ்சுல கைய வச்சுட்டாக.

"ஏட்டி, தலமாட்டு வெளக்க அணைக்கலாமா?"

"தலமாடா? இது மீன் தொட்டிக்கா!"

கஸ்தூரி அக்கா என் செவந்த கண்ணப் பாத்தாக. அப்படியே என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டாக.

"அதிர்ச்சியில புத்தி பேதலிச்சுப் போச்சு. மாமனார் மேல அம்புட்டு உசுரு பாவம்."

"அக்கா, மாமா கோயிலுக்குப் போயிருக்காக."

"கோயில்ல வச்சா?" பின்னாடியிலேர்ந்து ஒரு அம்மா கேட்டாக. "குடுத்து வச்ச மனுசன்."

"சரி, வேட்டிய வெலக்கு, மொகத்தப் பாத்துக்கிடுதோம்"னு ஒரு அக்கா கைய நீட்டுனாக. நான் பாஞ்சு போயி தொட்டி மேல ரெண்டு கையையும் விரிச்சுப் படுத்துட்டேன்.

வேட்டியோட கருப்புத் தாளையும் ஒரு மூலையில தூக்கிக் காட்டியிருந்தா அந்த நிமிசமே முடிஞ்சுபோற வெசயம். தெரியாம இல்ல. ஆனா அம்பத்து மூணு மணி நேரம் இருட்டுல வச்சிருக்கேன். இன்னும் பத்தொம்பது மணி நேரந்தான். இத்தன பேருக்காக என் தொட்டிய விட்டுக்குடுக்க மனசு வரல.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குத் தெறந்து காட்டுறேன். எல்லாரும் வாங்க. இன்னைக்கு யாரும் தொடாதீக."

"நாளைக்கு வரைக்கும் போட்டு வைக்கக் கூடாதும்மா"ன்னு அழுதுக்கிட்டே எடுத்துச் சொன்னாக.

அதுக்குள்ள யாரோ ஆலங்குளத்துக்குப் போன் போட்டுட்டாக. வீட்டுக்காரர் பைக்குல பறந்து வந்து, ஹெல்மெட்டக் கூடக் கழட்டாம உள்ள வந்து நின்னாரு.

"செல்வி, அப்பா எங்க?"

எல்லாரும் தொட்டியக் கை காட்டுனாக.

"அது மீன் தொட்டி"ன்னாரு.

அன்னைக்கு நான் கேட்ட மொத நல்ல வார்த்தை அது. ஆனா மனுசன் அதோட நிறுத்தல. ஹெல்மெட்டுக்குள்ளேயே அழ ஆரம்பிச்சாரு. "அது தொட்டின்னு எனக்குத் தெரியும். எங்க அப்பாவ எங்க வச்சிருக்கீக?"

"மகனுக்கும் பேதலிச்சிருச்சு"ன்னு கஸ்தூரி அக்கா தலையில அடிச்சுக்கிட்டாக.

நான் அவரு கையப் புடிச்சு, "அப்பா நல்லாத்தான் இருக்காக, போன் போட்டுப் பாருங்க"ன்னேன். போட்டாரு. மாமா போன் அலமாரி மேல சார்ஜ்ல கெடந்து அடிச்சுச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டதும் கூட்டம் மொத்தமும் ஒரு மூச்சு அழுது தீத்துச்சு.

அப்பத்தான் சுப்பையா பெரியப்பா வந்தாக. மாமாவோட மில்லுல ஒண்ணா வேலை பாத்தவுக. ஒருநாள் கேரம் போர்டுல யாரோ ஒரு காயின நகட்டிட்டாக, அதுல வந்த சண்டை. பதினோரு வருசமா ரெண்டு பேரும் பேச்சு வார்த்தை இல்ல. அவுக கொண்டாந்த மாலை ரெண்டு ஆள் தூக்குற மாலை. அதத் தொட்டி மேல வச்சுட்டு, குனிஞ்சு வேட்டியில மொகத்தப் பொதைச்சுக்கிட்டாக.

"ஏலே ராமசாமி, நீ நகட்டலலே. காயின நகட்டுனது நாந்தான்லே."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லலே"ன்னு நெலவாசல்லேர்ந்து ஒரு கொரல்.

மாமா. நெத்தி நெறைய விபூதி. கையில பிளாஸ்டிக் கப்புல டீ.

வந்து கால் மணி நேரமாச்சாம். வாசல்ல சேரும் செருப்புமா கெடக்கவும் பதறிப்போயி, அப்படியே ஒரு சேர்ல உக்காந்துட்டாகளாம். பக்கத்துல இருந்தவன்ட்ட யாருன்னு கேட்டுருக்காக. அவன் போனப் பாத்துக்கிட்டே, "இந்த வீட்டுப் பெரியவருதான், தங்கமான மனுசன்"னு சொல்லியிருக்கான். மாமா அதக் கேட்டுக்கிட்டு, குடுத்த டீயையும் வாங்கிக் குடிச்சுக்கிட்டு, இன்னும் என்னென்ன சொல்லுதாகன்னு பூராத்தையும் கேட்டுட்டுத்தான் எந்திரிச்சு வந்துருக்காக.

சுப்பையா பெரியப்பா அப்படியே தரையில உக்காந்துட்டாக. வீட்டுக்காரர் ஹெல்மெட்டோட அப்பா கால்ல விழுந்தாரு. கஸ்தூரி அக்கா, "மாமாவுக்கு ஆயுசு நூறு"ன்னு சொல்லிக்கிட்டே பின்வாசல் வழியாப் போயிட்டாக, முருங்கக்கீரையையும் பறிச்சுக்கிட்டு.

அப்பவும் ஒரு ஆளுக்குச் சந்தேகம் தீரல. "அப்ப உள்ள யாரு?"ன்னு வேட்டி மூலையத் தூக்கப் போனாரு.

"கைய எடுலே. நாளைக்குக் காலையிலதான். கெடுன்னா கெடு"ன்னு மாமா ஒரு அதட்டு அதட்டுனாக. எனக்கு அந்த எடத்துல நெஜமாவே அழுக வந்துருச்சு.

ஞாயித்துக்கெழமை ஆறு மணிக்குத் தெருவே வந்து நின்னுச்சு. மாமாவே வேட்டிய எடுத்தாக, நான் கருப்புத் தாளப் பிரிச்சேன்.

தண்ணி கண்ணாடி கணக்கா கெடக்கு. பாசி செத்துப்போயி அடியில படிஞ்சிருக்கு. செடி வெளுத்திருந்தாலும் நிமிந்து நிக்குது. பன்னெண்டு மீனும் வந்து கூட்டத்த வேடிக்க பாத்துச்சு.

மாமா குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாக. "தெளிஞ்சிருச்சு. இருக்கட்டும்"னாக. சுப்பையா பெரியப்பாவ உக்கார வச்சு இட்லி போடச் சொன்னாக. அவுக போன பொறவுதான் என்கிட்ட வந்து மெதுவாக் கேட்டாக.

"மம்சாபுரத்தான் வரல, பாத்தியா?"

மம்சாபுரத்துல இருக்கிறது மாமாவோட கூடப் பொறந்த தம்பி. சேதி சொன்னதுக்கு, மாடு கன்னு போடுற நேரம், செத்த பொறுத்து வாரேன்னு சொல்லியிருக்காரு.

"பதினோரு வருசம் பேசாதவன் வந்து அழுதான். என் தம்பிக்கு மாடு பெருசாப் போச்சு"ன்னு சொல்லிட்டு மாமா உள்ள போயிட்டாக. அன்னைக்குப் பூரா சரியாச் சாப்பிடல.

அது ஆச்சு மூணு வாரம். லைட்டுக்கு டைமர் போட்டாச்சு, ஆறு மணி நேரந்தான். கேஸும் ஒரே சீரா போகுது. ஆனாலும் நேத்து பாக்குறேன், கண்ணாடி ஓரத்துல லேசா பச்ச. பாய்க்குப் போன் போட்டேன்.

"டைமரப் பாரு தங்கச்சி"ன்னாரு.

பாத்தேன். ஆறுல இருந்தத யாரோ பன்னெண்டுக்குத் திருகி வச்சிருக்காக. வீட்டுக்காரர் தொடவே இல்லைன்னு சத்தியம் பண்றாரு.

மாமா சாய்வு நாற்காலியில சாஞ்சுக்கிட்டு போன் பேசிக்கிட்டு இருந்தாக. "என்னலே தம்பி, மாட்டு வேலையெல்லாம் ஒழிஞ்சிருச்சா? இனிமே கொஞ்சம் சும்மாதான இருப்ப? சேதி கீதி வந்தா ஒடனே கெளம்பி வந்துருவல்ல?"

பின்வாசக் கொடியில அந்த வேட்டி, சொட்டு நீலம் போட்டுக் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு.