ஆணியில் இல்லாத சாவி

மதிப்பிற்குரிய சதுரங்கக் கழகச் செயலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பரிசளிப்பு விழாவில் அதைப் பற்றி இருபது நிமிடம் பேசினீர்கள். தங்கள் வீட்டில் அனைவரும் நலமா? இங்கு நான் நலம். நலம் விசாரித்த பிறகுதான் புகார் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், விசாரித்துவிட்டேன். இனிப் புகார்.

என்னை வேறு யாரோடும் நீங்கள் குழப்பிக்கொள்ள வழியில்லை. கழகத்தின் ஆண்டுப் போட்டியில் நாற்பத்தொரு ஆண்களுக்கு நடுவில் ஆடும் ஒரே பெண் நான்தான். பட்டியலில் மற்றவர்கள் பெயருக்குப் பின்னால் ஊர் இருக்கும், என் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'பெண்' என்று இருக்கும். ஏழு வருடமாகச் சிறந்த வீராங்கனை நானே. இரண்டாவதாக வர ஆளில்லை. ஆண்களுக்குக் கோப்பை, எனக்கு மட்டும் சாப்பாடு சூடு ஆறாமல் இருக்க ஒரு ஹாட் பாக்ஸ். என் அறையில் இப்போது ஏழு ஹாட் பாக்ஸ் இருக்கின்றன, சாப்பிடுவது நான் ஒருத்தி. ஒன்றில் சாப்பாடு, ஒன்றில் ஊசி நூல், ஒன்றில் மாத்திரை, ஒன்றில் சதுரங்கக் காய்கள். காய்கள் சூடு ஆறாமல் இருக்கின்றன.

இந்த வருடமும் பதிவு மேஜையில் இருந்தவர் நிமிராமலே, "பிள்ளை எந்தப் பிரிவும்மா?" என்றார். பிள்ளை இல்லை, நான்தான் ஆடுகிறேன் என்றேன். நிமிர்ந்தார். "வீட்டுல சரின்னுட்டாங்களா?" எனக்கு வயது முப்பத்தொன்று. கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை, சொந்தச் சம்பளம், வாடகை அறை. வீட்டில் நானும் ஒரு மின்விசிறியும்தான். மின்விசிறி சரி சொல்லிவிட்டது என்றேன். அவர் சிரிக்கவில்லை. முதல் சுற்றில் என்னிடம் தோற்றவரை அவருடைய நண்பர்கள் தேற்றியது என் காதில் விழுந்தது: "எதிர்ல ஒரு பொண்ணு உக்காந்திருந்தா மனசு எப்படிடா நிக்கும்?" மூன்று மணி நேரமும் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் எதைப் பார்த்து அவர் மனம் கலைந்தது என்று தெரிந்தால் எனக்கும் உபயோகமாக இருக்கும்.

இதெல்லாம் பழகிப்போனது, புகார் இதுவல்ல. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் காய்களைத் திரும்ப அடுக்கி, "இங்க நீ குதிரையை வச்சிருந்தா நான் காலி" என்று பத்து நிமிடம் பேசிக்கொள்வது வழக்கம், உங்களுக்குத் தெரியும். ஏழு வருடத்தில் என்னோடு ஒருவர்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. தோற்றவர் கோபத்தில் போய்விடுகிறார். ஜெயித்தவர், "பரவால்லம்மா, ஆட ஆட வந்துரும்" என்று விரல் நுனியால் கை கொடுத்துவிட்டுப் போகிறார். பிறகு எல்லோரும் சேர்ந்து எதிர்க்கடைக்குக் காபி குடிக்கப் போவீர்கள். வெளியே பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்தால் உங்கள் மேஜைமேல் சர்க்கரை டப்பா ராஜாவாகவும் டம்ளர்கள் சிப்பாய்களாகவும் நகர்வது தெரியும். நான் பேருந்தில், ஒவ்வொரு நகர்த்தலையும் குறித்த ஆட்டச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கும் நானே பேசிக்கொண்டு போவேன். பக்கத்தில் இடம் இருந்தும் ஜனங்கள் நின்றுகொண்டே வருகிறார்கள்.

அதனால்தான் இந்த முறை முதல் ஐந்து இடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று இருந்தேன். வந்தால் கழக அணியில் சேர்த்தாக வேண்டும். அணி என்றால் ஐந்து பேரும் ஒரே வண்டியில் போய், ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஆட்டத்தைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். என்னோடு பேசாமல் அவர்களால் தப்பிக்க முடியாது.

கடைசிச் சுற்று, எதிரே வங்கி மேலாளர். ஜெயித்தவருக்கு ஐந்தாம் இடம். "பாத்து ஆடு பாப்பா, நான் கொஞ்சம் வேகமா ஆடுவேன்" என்று ஆரம்பித்தார். இரண்டு மணிக்கு நான் ஒரு குதிரை அதிகம். என் கடிகாரத்தில் இருபத்தேழு நிமிடம், அவருடையதில் ஐந்து. பாப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். ஐயா, அன்றைக்கு எனக்கு மாதத்தின் அந்த நாள். எழுந்தே ஆக வேண்டும். நடுவர், "எங்கம்மா? போன் வச்சிருக்கியா?" என்றார். "போன் உங்க மேஜைலதான் சார் இருக்கு." "வேற ஒண்ணு?" நல்ல காயாக நகர்த்தினால் யாரோ சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். போகட்டும். என் ஆட்டமுறை என்பதால் என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பெண்கள் கழிவறை பூட்டியிருந்தது. போன வருடம் வரை அதன் சாவி காவலாளி அறையில் நீல அட்டையோடு ஆணியில் தொங்கும், நானே எடுத்து, நானே மாட்டிவிடுவேன். இந்த வருடம் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தேடிப் போனேன், ஆணி மட்டும்தான் இருந்தது. "ஆபீஸ்ல இருக்கும்மா" என்றார் காவலாளி. அலுவலக எழுத்தர், "ஸ்டோர்ல கேளுங்க, அதென்ன தங்கமா, யாரு தூக்கிட்டுப் போகப்போறா" என்றார். ஸ்டோர்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. திரும்ப மாடி ஏறி, சாவி கிடைக்கிறவரைக்கும் கடிகாரத்தை நிறுத்துங்க சார்னு நடுவர்கிட்ட கேட்டா, "அப்படி விதியில இல்லம்மா"ங்கறார். திரும்ப எறங்கி வந்தா காவலாளி, "ஆம்பளைங்க பக்கம் போயிட்டு வந்துரு தாயி, நான் வெளிய நின்னு பாடிக்கிட்டு இருக்கேன், ஒருத்தரும் வரமாட்டாங்க"ன்னார். நல்ல மனுஷர். கதவுகிட்ட போனேன், உள்ளே ரெண்டு பேர் பேசிக்கிட்டிருக்காங்க. "அவ அந்தக் குதிரையைப் பிடிச்ச விதம் பாத்தியா? அருமைடா." "எங்கயாவது மனப்பாடம் பண்ணிருப்பா." ஏழு வருஷத்துல என் ஆட்டத்தைப் பத்தி ரெண்டு பேர் பேசினதை அன்னைக்குத்தான் கேட்டேன் ஐயா. உள்ளே போய்க் கலந்துக்க முடியாத இடமாப் பாத்துப் பேசறாங்க. ரோட்டைத் தாண்டி ஓடினேன். தையல்கடை அக்கா ஒண்ணும் கேக்காம பின்கதவைத் திறந்துவிட்டாங்க. வெளிய வந்தப்புறம்தான், "என்னம்மா அங்க நடக்குது?" "செஸ் போட்டிக்கா." "ஜெயிக்கிறியா?" "ஜெயிச்சுக்கிட்டிருந்தேன்." "அப்ப ஏன் என்கிட்ட நின்னு பேசிக்கிட்டிருக்க, ஓடு."

ஓடி வந்து உட்கார்ந்தபோது ஒரு நிமிடம் நாற்பது நொடி மிச்சம். குதிரை அப்படியே அதிகமாகத்தான் இருந்தது. அவசரத்தில் ஒரு சிப்பாயைத் தட்டிவிட்டு, நிமிர்த்தி வைத்து, பதினோரு காய் நகர்த்தினேன். என் நேரம் முடிந்தது, நேரம் முடிந்தால் தோல்வி. மேலாளர் எழுந்து கூட்டத்தைப் பார்த்து, "பொண்ணுங்களுக்கு எல்லாம் வருது, நேரம் மட்டும் வரமாட்டேங்குது. எங்க வீட்டுலயும் கிளம்பச் சொன்னா ஒரு மணி நேரம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு மேடையில் என்னிடம் ஹாட் பாக்ஸைக் கொடுத்து, "வீட்டுக்கு உபயோகமா இருக்கும்மா" என்றீர்கள்.

சாவிக்குக் கால் முளைக்காது. ஒரு பெண் அணிக்குள் வந்துவிடக் கூடாது என்று திட்டம் போட்டே யாரோ அதை ஒளித்திருக்கிறார்கள். ஆணியிலிருந்து சாவியை எடுத்தவர் யார் என்று விசாரித்து, அந்த ஆளை எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வைத்து, இனிக் கழகத்தின் பக்கமே வராதபடி நீக்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தை இருபத்தேழு நிமிடத்தோடு மறுபடி நடத்த வேண்டும். இதன் நகல் பத்திரிகைக்கும் போகிறது.

தங்கள் வீட்டு அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். முழங்காலைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பட்டியலில் ஆறாவது (பெண்)

பின்குறிப்பு: இதை வைக்க உறை தேடி, போட்டிக்குக் கொண்டுவரும் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். போன வருடத்துக்குப் பிறகு அதை நான் திறக்கவே இல்லை. போன வருடத்து ஆட்டச் சீட்டுகள் இருந்தன, மூடியில்லாத பேனா ஒன்று இருந்தது, நீல அட்டை கட்டிய சாவியும் இருந்தது. அப்போதும் கடைசிச் சுற்று, அப்போதும் அவசரம். பூட்டிய கையோடு பையில் போட்டிருக்கிறேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் கேட்டுக்கொள்கிறாள். பத்திரிகைக்கான நகலைக் கிழித்தாயிற்று. மேலாளரே அணியில் இருக்கட்டும்.

ஆனால் ஐயா, ஒரு வருடமும் பதினோரு நாளும் அந்தச் சாவி என் பையில் இருந்திருக்கிறது. அத்தனை பெரிய கட்டடத்தில் என்னைத் தவிர அதை ஒருத்திகூடக் கேட்கவில்லை. இத்துடன் அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அனுப்பினால் ஆணியில் தொங்கும், அவ்வளவுதான். என்னிடமே இருக்கட்டும். எந்தப் பெண்ணாவது வந்து கேட்டால் கண்ணாடிக் கடைக்குப் போன் பண்ணுங்கள், பதினைந்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் அவளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள், காய்களைத் திரும்ப அடுக்கிப் பேச வேண்டும். நான் வந்து சேரும்வரை அவள் கடிகாரத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள்.