சாக்பீஸ் அண்ணனும் பச்சைப் பெட்டியும்

திருப்பூரில் இருக்கிற அத்தனை மெஷின்களுக்கும் பேசக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர்தான். அவருக்கு முன்னாலும் அப்படி ஒரு ஆள் இல்லை, பின்னாலும் இல்லை.

எங்கள் சாயப்பட்டறையில் எலக்ட்ரீசியனாக இருந்தார். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும், அது யாருக்கும் தேவைப்படவில்லை. சட்டைப் பையில் எப்போதும் நாலு சாக்பீஸ் வைத்திருப்பதால் சாக்பீஸ் அண்ணன். எந்த மெஷினைப் பழுது பார்த்தாலும் அதன்மேல் ஒரு வரி எழுதாமல் நகரமாட்டார். அதுவும் மெஷினே பேசுவதுபோல இருக்கும். ட்ரையரின்மேல், ‘எனக்கு மூச்சு முட்டுகிறது, பஞ்சை எடுத்துவிடுங்கள்.’ பாய்லரில், ‘இன்று நான் நல்ல மனநிலையில் இல்லை.’ ஜி.எம். அறை ஏ.சி.யில், ‘நான் ஒரு டன்தான். எட்டுப் பேர் உட்கார்ந்து கத்தினால் என்னால் ஆகாது.’ ஜி.எம். கடுப்பாகி அதை அழிக்கச் சொன்னார். அண்ணனும் பணிவாக அழித்தார். மறுநாள் அதே இடத்தில், ‘அழித்தாலும் நான் ஒரு டன்தான்’ என்று இருந்தது.

நான் அங்கே கம்ப்யூட்டர் ஆள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த புதிதில், எங்கள் ஊர் வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். “நா என்ன கண்ணு, மளிகைக்கடையா வெச்சிருக்கறன்?” என்று கேட்டார். அன்றிலிருந்து அண்ணா.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில், ஆர்டர் எங்கே நிற்கிறது என்று பார்க்க நான் எழுதியிருந்த மென்பொருளில் ஒரு விக்கியைச் சேர்த்தேன். விக்கி என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பக்கம். அதைப் பற்றித் தெரிந்ததை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம். பக்கத்தின் நடுவில் விட்ஜெட் என்று ஒரு சின்னப் பெட்டியும் வைத்தேன். மெஷின் ஓடுகிறதா, நிற்கிறதா என்பதைப் பச்சை, சிவப்பு நிறத்தில் அது காட்டிக்கொண்டே இருக்கும். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் வந்தால் ஜி.எம். முதலில் காட்டுவது அந்தப் பெட்டியைத்தான். எனக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மொத்தப் பட்டறையிலும் அந்த விக்கியில் எழுதியவர் ஒரே ஒருவர். ‘திருத்து’ என்ற பொத்தானைப் பார்த்ததும் அண்ணன் முகத்தில் வந்த சந்தோஷத்தை, அவர் போனஸ் வாங்கும்போதுகூட நான் பார்த்ததில்லை. ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரே மாதத்தில் நாற்பது மெஷின்களைப் பேச வைத்தார். கீபோர்டு முழுக்க வெள்ளைப் பொடி. பாஸ்வேர்டு மறந்துவிடும் என்று எலக்ட்ரிகல் ரூம் கதவில் எழுதி வைத்திருந்தார்: ‘நான்தான் அவருடைய பாஸ்வேர்டு, motor5hp. என்னை யாரும் பார்க்காதீர்கள்.’

கழிவுநீர்த் தொட்டிக்கும் ஒரு பக்கம் இருந்தது. தண்ணீர் மட்டம் பூஜ்யம் என்று ஷிப்ட் ஆள் பதிந்தால் பெட்டி பச்சையாகி, ‘சுத்தம் செய்யத் தயார்’ என்று காட்டும். அந்த ‘தயார்’ என் கைவரிசை. தண்ணீர் வடிந்தபிறகு அடியில் கிடக்கும் சேற்றிலிருந்து விஷவாயு வரும் என்பது ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். பெட்டிக்கு நேர் கீழே எழுதினார்: ‘பச்சையை நம்பாதே. என் வயிற்றில் தண்ணீர்தான் இல்லை, காற்று இருக்கிறது. உள்ளே வந்தால் திருப்பி அனுப்பமாட்டேன்.’ ஹிந்தி தெரிந்த ஒடிசாத் தொழிலாளி ஒருவரைப் பிடித்து அதையே ஹிந்தியிலும் அடிக்க வைத்தார். தொட்டியில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

பையர்கள் பட்டறையைச் சோதித்துப் பார்க்கும் ஆடிட் வந்தது. சுவருக்கெல்லாம் புதுப் பெயின்ட் அடித்தார்கள். இனி எங்கும் கிறுக்கக் கூடாது என்று ஜி.எம். அண்ணனுடைய சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டார். எலக்ட்ரிகல் ரூம் கதவு மட்டும் தப்பியது, பெயின்டரை அண்ணன் அந்தப் பக்கமே விடவில்லை. அடுத்து என்னைக் கூப்பிட்டு, விக்கியிலும் இந்தக் கூத்தெல்லாம் இருக்கக் கூடாது என்றார். நான் எல்லா வரிகளையும் அழித்து, யாரும் திருத்த முடியாதபடி பக்கங்களைப் பூட்டினேன்.

அண்ணன் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நின்றபடியே பேசினார்.

“மத்ததெல்லாம் போனாப் போவுது கண்ணு. அந்தத் தொட்டி வரிய மட்டும் உட்ருங்க.”

“ஆடிட் முடியட்டும்ணா, திரும்பப் போட்டுருதேன்.”

ஆடிட் முடிந்தது. அடுத்த ஆர்டர், அடுத்த அவசரம் என்று நான் மறந்தேன். அவர் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். நான் இரண்டு தடவையும் சரி என்றேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

கேட்காமல் வேறொன்று செய்தார். மெஷின்கள் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தொட்டியைச் சுத்தம் செய்வார்கள். அவருக்கு அன்று லீவு. லீவு நாளில் டிபன் டப்பாவும் பேப்பருமாக வந்து தொட்டி மூடியின்மேல் உட்கார ஆரம்பித்தார். சுத்தம் செய்ய ஆட்கள் வந்தால் மூடியைத் திறந்து, காற்றடிக்கும் ப்ளோயரை மத்தியானம்வரை ஓடவிட்டு, அதன்பிறகு இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்குவார். காண்ட்ராக்டர் தலையில் அடித்துக்கொண்டார். முட்டையை அடைகாக்கிற கோழி என்று பட்டறையே சிரித்தது. நானும் என் பங்குக்கு, “வீட்டுல அக்கா உள்ள விடலையாண்ணா?” என்று கேட்டேன்.

“ஊட்டுல இருந்தாலும் அந்தப் பச்சையேதானுங் கண்ணுக்குள்ள நிக்குது” என்றார்.

அதற்கும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்னத்தூரில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் போகாமல் முடியாது. முகூர்த்தம் முடிந்ததும், பந்திக்குக்கூட உட்காராமல் பஸ் ஏறிவிட்டாராம். அவர் வந்து சேருவதற்குச் சற்று முன்புதான், ஒடிசாவிலிருந்து வந்து நாலு நாள்கூட ஆகாத ஒருவர் பம்ப் ரூம் கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறார். பச்சைக்கு மொழி வேண்டியதில்லை. மூடியைத் திறந்து இறங்கியவர் அடியில் விழுந்தார். மேலே நின்றவர்கள் கத்தினார்களே தவிர, என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

உள்ளே வராதே என்று எழுதிய மனிதர், கல்யாண வேட்டியோடு உள்ளே இறங்கினார். விழுந்தவரின் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். மேலே இருந்தவர்கள் இழுத்தார்கள். அந்த ஒடிசாக்காரர் பிழைத்துக்கொண்டார். கயிறு இரண்டாவது தடவை கீழே போனபோது அடியில் அதைப் பிடிக்க ஆள் இல்லை.

திங்கட்கிழமை தொட்டியின் பக்கத்தைத் திறந்தேன். விக்கி எதையும் மறக்காது. யார் எழுதினார், யார் அழித்தார், எந்த நேரம் என்று எல்லாவற்றையும் வைத்திருக்கும். எழுதியது அவர், அழித்தது நான். திரும்பக் கொண்டுவர ஒரு தட்டு போதும். எட்டு மாதமாக எனக்கு நேரம் கிடைக்காத வேலை அரை நிமிஷத்து வேலை. முதலில் அந்தப் பச்சைப் பெட்டியைப் பக்கத்திலிருந்து பிடுங்கி எறிந்தேன். ஆனால் வரியைத் திரும்பப் போட்டால் அது என் பெயரில் பதிவாகும். அந்த யோக்கியதை எனக்கு இல்லை.

எழுந்து எலக்ட்ரிகல் ரூமுக்குப் போனேன். கதவில் சாக்பீஸ் எழுத்து அப்படியே இருந்தது. என்னை யாரும் பார்க்காதீர்கள் என்றது. பார்த்துவிட்டு வந்தேன். பக்கங்களின் பூட்டை எடுத்துவிட்டு, அவர் பெயரில் நுழைந்து, தமிழிலும் ஹிந்தியிலும் அந்த வரியை அவர் வைத்திருந்த இடத்திலேயே வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஜி.எம். அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கடைசியாகத் திருத்தியவர் சாக்பீஸ், திங்கட்கிழமை என்று இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அழிக்கச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் நான் வேலையை விட்டேன். புதிதாக வந்தவரிடம் ஒப்படைக்கும் முன், வேலையில் இல்லாதவர்களின் கணக்குகளை எல்லாம் மூடிவிட வேண்டும் என்பது விதி. வரிசையாக மூடிக்கொண்டே வந்தேன். அண்ணனுடையதை மட்டும் மூடவில்லை. ஏதாவது ஒரு மெஷின் சார்பாக அவருக்குச் சொல்ல இருந்தால், வந்து எழுதிவிட்டுப் போகட்டும்.