கூட்டமில்லாத பிள்ளையார்

காலை பதினொன்று நாற்பதுக்கு என் மகளைக் காணவில்லை. பதினொன்று நாற்பத்தொன்றுக்கு அவள் கடத்தப்பட்டுவிட்டாள் என்று நான் முடிவே செய்துவிட்டேன். (இடையில் இருந்த ஒரு நிமிடம், கழிப்பறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வர.)

தஞ்சாவூரிலிருந்து காரில் கிளம்பி, பச்சைமலையில் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்குவது என்று திட்டம். திட்டம் பன்னிரண்டு வயது யாழினியுடையது. பயம் முழுக்க என்னுடையது. பாம்புக்கு ஒரு பை, மழைக்கு ஒரு பை, வயிற்றுப்போக்குக்கு ஒரு பை என்று கட்டியிருந்தேன். ஈர விறகைப் பற்றவைக்க மூன்று பாக்கெட் கற்பூரமும் வாங்கியிருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தின் பலகையைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினேன். சுற்றுவட்டார ஊர்களின் பழம்பொருட்களாம். "புள்ளைக்குப் பொது அறிவு வளரும்" என்று என் மனைவி சுமதியிடம் சொன்னேன். மலை ஏறுவதற்கு முன் கடைசியாக ஒரு சுத்தமான கழிப்பறை எனக்குத் தேவைப்பட்டது என்பதுதான் உண்மை. வெயிலில் நிற்கும் காரில் கற்பூரம் தானாகப் பற்றிக்கொள்ளும் என்று பயந்து, அதையும் தீப்பெட்டியையும் ஒன்றாக என் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் அப்படி.

நெல் அளக்கும் மரக்காலைப் பற்றி யாழினிக்கு ஒரு நீண்ட விளக்கம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை. எவ்வளவு நேரமாக இல்லை என்பதும் தெரியவில்லை.

வாசலில் நின்ற சுமதியிடம் ஓடினேன்.

"ஒரே வாசல்தாங்க இருக்கு. அதுல நான் நிக்கிறேன். பறந்தா போவா?"

"பின்வாசல் இருந்தா?"

"இருந்தா அது வழியா நானும் போயிருப்பேன்."

உள்ளே ஒரு சாத்திய கதவுக்கு வெளியே காவலர் உட்கார்ந்திருந்தார். "பதறாதீங்க சார். பொண்ணுக்கு ஒரு போனைப் போடுங்க."

போன் கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று சொந்தக்காரர் கூட்டங்களில் உரையாற்றுபவன் நான். பேச்சை மாற்றினேன். "இந்த ரூம்ல என்ன?"

"காவிரியைப் பத்திப் படம் ஓடுது. முடியறவரைக்கும் தொறக்க மாட்டோம். ஸ்கூல் புள்ளைங்க உள்ள இருக்காங்க."

"எம் பொண்ணு அந்த ஸ்கூல் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் ஓடினேன். (முதுகலைப் பட்டம் பெற்றவன். சான்றிதழ் வீட்டில் இருக்கிறது.)

மூன்று சுற்று ஓடி மூச்சு வாங்கி நின்ற இடத்தில் ஒரு கல் பிள்ளையார். தும்பிக்கை பாதி உடைந்தவர். நாலு தெரு தள்ளி ரங்கநாதரே இருக்கிறார், ஆனால் அங்கே வரிசை. இவரிடம் யாரும் எதுவும் கேட்டுப் பல காலம் ஆகியிருக்கும், உடனே கவனிப்பார் என்று ஒரு நப்பாசை. செருப்பைக் கழற்றினேன். தோப்புக்கரணம் போட்டேன். அவளைக் கண்ணில் காட்டினால் நூற்றியெட்டுத் தேங்காய் என்றேன். பிறகும் மனம் ஆறாமல், ஒரு பாக்கெட் கற்பூரத்தை அப்படியே பீடத்தில் கொட்டிக் கொளுத்தினேன்.

பக்கத்தில் "தொடாதீர்கள்" என்று அட்டை இருந்தது. நான் தொடவில்லை. கொளுத்தாதீர்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில் கூரையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பிள்ளையார்தான் பதில் சொல்கிறார் என்று ஒரு கணம் நம்பினேன். புகை அலாரம். காவலர் ஓடிவந்து தன் தண்ணீர் பாட்டிலைப் பீடத்தில் கவிழ்த்தார். அபிஷேகமும் ஆயிற்று.

"கோயில்னு நெனச்சீங்களா சார்?" என்றார். "கோயில் அந்தப் பக்கம் இருக்கு. அவ்ளோ பெரிய கோபுரம், கண்ணுல படலையா?"

எல்லோரையும் முற்றத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். நிர்வாகி ஒரு தாளைக் கொடுத்து மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். "பொருள்: கற்பூரம் ஏற்றியது தொடர்பாக" என்று ஆரம்பித்தேன். இன்றைக்கும் வீட்டில் நான் கண்ணாடியைத் தேடினால்கூட, "கற்பூரம் எடுத்துட்டு வரட்டுமா?" என்று சுமதி கேட்கிறாள். மாமியார் வீட்டிலும் அதே கேள்விதான். யார் சொன்னார்கள் என்று நான் விசாரிப்பதில்லை.

அன்று அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது, படம் ஓடிய அறையின் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். கடைசியில், மஞ்சள் பனியனில், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு யாழினி வந்தாள். ஓடிப்போய் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல படம் முடிஞ்சிருக்கும்ப்பா" என்றாள். "எவனோ ஒரு லூசு உள்ள கற்பூரம் கொளுத்திட்டானாம். ஆளைப் பாத்தியா?"